11-ம் எண் கூண்டும் ஆஃப்லைன் பக்கமும்: வெப் டெவலப்பர்களுக்கு ராமேஸ்வரம் கடற்கரை வைக்கும் பரீட்சை!

"பாம்பன் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது." வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானாலே டி.வி திரையின் அடியில் ஓடத் தொடங்கிவிடும் வரி இது. மற்ற ஊர்களில் இதைப் பார்ப்பவர்கள் "நாளைக்கு ஸ்கூல் லீவா?" என்று அடுத்த சேனலுக்குப் போய்விடுவார்கள். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கதையே வேறு. படகை எங்கே கட்டுவது, கடலுக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்களா, நாளைய பாடு என்ன ஆகும் என்று வீட்டுக்கு வீடு கணக்கு ஓடும்.

முன்பு இந்தத் தகவலுக்குக் கூண்டும் ரேடியோவும்தான் வழி. இன்று வெப்சைட், மொபைல் ஆப், வாட்ஸ்அப் ஃபார்வர்டு, எஸ்.எம்.எஸ் எனப் பல வழிகள். இவற்றை உருவாக்கும் புரோகிராமர்களுக்கோ சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்புது கருவிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ரியாக்ட், வீட், சர்வீஸ் வொர்க்கர், இப்போது கோடு எழுதித் தரும் ஏ.ஐ. பெங்களூரு அலுவலகத்தில், வேகமான வைஃபையில் இவை எல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கின்றன. சிக்னல் ஒரு கோடாகச் சுருங்கும் கடற்கரையில் இவை என்ன ஆகின்றன என்பதுதான் கேள்வி.

படகும் இன்ஜினும்

வெப் டெவலப்மென்ட் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஒரு வெப்சைட்டை மூன்று விஷயங்கள் சேர்த்துக் கட்டுகின்றன. ஹெச்.டி.எம்.எல் என்பது படகின் மரச்சட்டம் போன்றது. தலைப்பு, பத்தி, படம் எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கும். சி.எஸ்.எஸ் என்பது படகுக்கு அடிக்கும் பெயின்ட். நிறம், எழுத்தின் அளவு, அழகு எல்லாம் அதன் வேலை. ஜாவாஸ்கிரிப்ட்தான் இன்ஜின். பட்டனைத் தொட்டால் ஏதாவது நடக்க வேண்டுமென்றால் அது ஓட வேண்டும்.

1989-ல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் இந்த வெப். 1993 ஏப்ரல் 30-ம் தேதி, இதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. ஆரம்பத்தில் வெறும் சட்டம்தான், இன்ஜின் கிடையாது. 1995-ல் பிரெண்டன் ஐக் என்ற புரோகிராமர் பத்தே நாள்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். அன்று அது விசைப்படகு இன்ஜின் அல்ல. வள்ளத்தில் மாட்டும் சின்ன மோட்டார்.

அதன்பிறகு மோட்டார் பெரிதாகிக்கொண்டே போனது. 2006-ல் ஜேகொயரி வந்தது. 2013-ல் ஃபேஸ்புக் ரியாக்ட்டை வெளியிட்டது. 2014-ல் இவான் யூ என்ற தனி மனிதர் வ்யூ என்ற கருவியையும், 2020-ல் வீட் என்ற கருவியையும் கொடுத்தார். முன்பு கோடில் ஒரு வரியை மாற்றிவிட்டு, அது திரையில் தெரிய டீ குடித்துவிட்டு வரலாம். வீட் வந்தபிறகு சேவ் செய்த அடுத்த நொடியே மாற்றம் தெரிகிறது. இவற்றின் அருமை புரோகிராமரைக் கேட்டால் தெரியும். முன்பு ஒரு குழு ஒரு மாதம் செய்த வேலையை இன்று ஒருவர் ஒரு வாரத்தில் முடித்துவிட முடிகிறது.

ஆனால், வசதி முழுவதும் கட்டுபவருக்கு. சுமை முழுவதும் திறந்து பார்ப்பவரின் போனுக்கு.

40 விநாடிகள் எங்கே போகின்றன?

இன்றைக்கு மொபைலில் திறக்கும் ஒரு சராசரி வெப் பக்கத்தின் எடை 2 எம்.பி-க்கு மேல். அதில் ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமே ஏறத்தாழ அரை எம்.பி. இதைக் கடற்கரைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். நெட்வொர்க் திணறும் இடத்தில் விநாடிக்கு 400 கிலோபிட் வேகம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 எம்.பி பக்கம் வந்து சேர 40 விநாடிகள் ஆகும். அதே தகவலை 100 கே.பி-க்குள் அடக்கினால் இரண்டு விநாடி போதும்.

வந்து சேர்ந்ததோடு முடியவில்லை. ஜாவாஸ்கிரிப்டைப் போன் படித்து, புரிந்து, ஓட்ட வேண்டும். படம் போலச் சும்மா காட்டிவிட்டுப் போக முடியாது. 60,000 ரூபாய் போன் கண் இமைக்கும் நேரத்தில் முடிக்கும் வேலையை, 7,000 ரூபாய் போன் மூச்சு வாங்கியபடி செய்யும். பேட்டரியும் இறங்கும். கடலில் சார்ஜர் பாயின்ட்டைத் தேட முடியாது.

இத்தனைக்கும், மீனவருக்குத் தேவைப்படும் தகவல் எவ்வளவு பெரிது? ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ், அதாவது இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம், மீன்கள் கூடக்கூடிய பகுதிகளைக் கணித்துச் சொல்கிறது. 1999-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் இது. கடலின் மேற்பரப்பு வெப்பநிலையையும், நீரில் பச்சையம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் செயற்கைக்கோள் அளக்கிறது. பச்சையம் இருந்தால் நுண்ணிய பாசி இருக்கிறது என்று அர்த்தம். பாசி இருக்கும் இடம் தேடி மீன் வரும். மீன்பிடித் தடைக்காலம், கடல் கொந்தளிப்பு போன்ற நாள்கள் தவிர மற்ற நாள்களில் இந்த அறிவிப்பு வெளியாகிறது.

அந்த அறிவிப்பைப் பிரித்துப் பார்த்தால், எந்த இறங்குதளத்திலிருந்து, எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை. அவ்வளவுதான். ஒரு படகுக்கான தகவலை ஒரு கே.பி-க்குள் எழுதிவிடலாம். ஒரு கே.பி செய்தியைச் சுமந்து வர 2 எம்.பி வாகனம் எதற்கு என்று இந்தக் கடற்கரையில் நின்று யோசிக்கும் எந்த புரோகிராமருக்கும் தோன்றும். மத்தி மீன் பத்து வாங்கிவரக் கன்டெய்னர் லாரி பிடித்த கதைதான்.

அமெரிக்கக் கடற்படை வெப்சைட்டும் ஒரு ஒலிபெருக்கியும்

இந்தப் பிரச்னைக்குப் பழைய விடை ஒன்று உண்டு. அது ஸ்மார்ட்போனுக்கு முந்தைய காலத்தது.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அவற்றில் ஒன்று வீராம்பட்டினம் என்ற மீனவ கிராமம். அன்றைக்கு நம் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் கிடைத்தது. அதை இன்டர்நெட்டில் இறக்கி, தமிழில் மாற்றி, ஊரில் கட்டியிருந்த ஒலிபெருக்கி வழியாக அறிவித்தார்கள். கடலுக்குக் கிளம்புகிறவர்களிடம் கம்ப்யூட்டரும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. அவர்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. காது இருந்தால் போதும்.

அடுத்த கட்டம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கே வந்தது. இஸ்ரோவும் அதே ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, செயற்கைக்கோள் இணைப்போடு கூடிய கிராம வள மையங்களை 2004 அக்டோபர் 18-ம் தேதி தொடங்கின. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்த முதல் மூன்று மையங்களில், திருவையாறு, செம்பட்டி ஆகியவற்றோடு மூன்றாவதாக இடம்பிடித்தது தங்கச்சிமடம். பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே, தீவுக்குள் இருக்கும் அதே தங்கச்சிமடம்தான்.

பிறகு தகவல் கைக்கு வந்தது. குவால்காம் நிறுவனத்தின் ஆதரவோடு 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' என்ற மொபைல் செயலியை அதே ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. முதலில் பட்டன் வைத்த சாதாரண போன்களில் ஓடியது, பிறகு ஆண்ட்ராய்டுக்கு மாறியது. அலை, காற்று, மீன் கிடைக்கும் பகுதி, சந்தை விலை ஆகியவற்றோடு, சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் வசதியும் அதில் உண்டு. இந்தக் கடற்கரையில் அந்த வசதிக்கு விளக்கம் தேவையில்லை. எல்லை தாண்டியதாகக் கைது, படகு பறிமுதல் என்ற செய்தி வராத வருடம் இல்லை.

2016-ல் பாம்பனில் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் ஒலிக்கத் தொடங்கியது. மீனவர்களுக்காகவே நடக்கும் வானொலி. கையில் இருக்கும் சின்ன ரேடியோ போதும், டேட்டா பேக் தேவையில்லை.

ஒலிபெருக்கி, செயற்கைக்கோள் மையம், போன் செயலி, வானொலி என்று கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வெற்றி பெற்றவர்கள் கேட்ட முதல் கேள்வி மட்டும் ஒன்றுதான்: 'கேட்பவர் கையில் என்ன இருக்கிறது?' புதிய வெப் கருவிகளைக் கையில் எடுக்கும் பலர் இந்தக் கேள்வியைக் கடைசியாகத்தான் கேட்கிறார்கள்.

11 வரி கோடு நிறுத்திய உலகம்

இன்றைய வெப்சைட்டை யாரும் முழுதாகத் தாமே எழுதுவதில்லை. யாரோ எழுதி இலவசமாகப் போட்டுவைத்த நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன கோடுகளை எடுத்துக் கோக்கிறார்கள். என்.பி.எம் என்ற பொதுக் கிடங்கில் அவை கிடைக்கும்.

2016 மார்ச்சில் நடந்தது புரோகிராமர்களால் மறக்க முடியாத சம்பவம். லெஃப்ட்-பேட் என்ற ஒரு குட்டி கோடு. ஒரு எழுத்துத் தொடரின் இடதுபக்கம் வெற்றிடமோ பூஜ்யமோ சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. மொத்தம் 11 வரி. ஒரு பெயர்த் தகராறில் கோபமான அதன் ஆசிரியர், தன் கோடுகளை எல்லாம் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அந்த 11 வரியை நம்பியிருந்த கோடு, அதை நம்பியிருந்த இன்னொரு கோடு என்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான புராஜெக்ட்டுகள் அப்படியே நின்றன. சில மணி நேரத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் வேலை நடந்தது.

வலை பின்னுகிறவர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. ஒரு கண்ணி அறுந்தால் மீன் அந்த வழியாகத்தான் போகும். வலைத்தளம் என்ற பெயரை வைத்துக்கொண்டு, எந்தக் கண்ணியை யார் பின்னினார்கள் என்று தெரியாமலேயே கடலில் வீசுவது ஆபத்தான விஷயம். மீம் போடும் வெப்சைட் ஒருநாள் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. புயல் அறிவிப்பைக் காட்டும் பக்கம் அந்த ஒருநாளில் நின்றால்?

'எல்லாம் நலம்' என்று பொய் சொல்லும் பக்கம்

புதிய கருவிகளிலேயே இந்தக் கடற்கரைக்கு மிகவும் பொருந்தக்கூடியது சர்வீஸ் வொர்க்கர். 2015-ல் க்ரோம் பிரவுசரில் வந்தது, 2018-ல் ஐபோனுக்கும் வந்துவிட்டது. பிரவுசருக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி கோடு இது. நெட் இருக்கும்போது தேவையானவற்றை எடுத்துப் போனிலேயே பத்திரப்படுத்தும். நெட் போனதும் அதை எடுத்துக் கொடுக்கும். வெப்சைட்டே ஆப் மாதிரி நடந்துகொள்ளும். ப்ரோக்ரஸிவ் வெப் ஆப் என்ற பெயரை அதே 2015-ல் ஃபிரான்சஸ் பெரிமனும் அலெக்ஸ் ரஸலும் இதற்குச் சூட்டினார்கள்.

இந்தியாவில் இதற்கு ஒரு சுவாரஸ்யமான முன்கதை உண்டு. 2015-ன் தொடக்கத்தில் ஃப்ளிப்கார்ட் தன் மொபைல் வெப்சைட்டையே மூடிவிட்டு, 'ஆப் மட்டும் போதும்' என்று முடிவெடுத்தது. அதே ஆண்டு இறுதியில் 'ஃப்ளிப்கார்ட் லைட்' என்ற பெயரில், இந்தப் புதிய கருவியோடு வெப்புக்கே திரும்பி வந்தது. போனில் இடமில்லாதவர்களும், டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்களும் இந்தியாவில் எவ்வளவு பேர் என்பதை அந்த ஒரு வருடம் கற்றுக்கொடுத்தது.

கரையில் சிக்னல் இருக்கும்போதே அன்றைய அறிவிப்பை இறக்கிக்கொண்டு, நடுக்கடலில் திறந்து பார்க்கலாம் என்றால் மீனவருக்கு இதைவிட என்ன வேண்டும்? உண்மைதான். ஆனால், இங்கேதான் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

ஆஃப்லைனில் திறக்கும் பக்கம் பழைய தகவலைக் காட்டும். 'கடல் அமைதியாக இருக்கும்' என்று நேற்று மாலை இறக்கிய வரி, இன்று மதியமும் அதே பச்சை நிறத்தில், அதே தைரியத்தோடு திரையில் நிற்கும். இடையில் கரையில் சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கலாம். ஷாப்பிங் ஆப்பில் பழைய விலை தெரிந்தால் பத்து ரூபாய் பிரச்னை. இங்கே உயிர்.

இதற்கான விடை பாம்பன் துறைமுகத்திலேயே இருக்கிறது. இந்தியத் துறைமுகங்களின் புயல் எச்சரிக்கை முறையில் மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் தொலைதூரத்தில் புயல் சின்னம். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம். 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரும் ஆபத்து. அப்படியானால் 11? 10-ஐ விடப் பெரிய புயல் என்று பலரும் நினைப்பார்கள். இல்லை. 'வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது. மோசமான வானிலைக்கு வாய்ப்பிருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார்' என்பதுதான் 11-ம் எண்ணின் பொருள்.

'எனக்குத் தகவல் வரவில்லை' என்பதையே ஒரு எச்சரிக்கையாக அறிவிக்கும் எண் அது. மௌனத்தை 'எல்லாம் நலம்' என்று எடுத்துக்கொள்ளாதே என்கிறது. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோது, பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் கடலில் மூழ்கியது. தொடர்புகள் அறுந்துபோனதால், என்ன நடந்தது என்பது வெளியுலகுக்குத் தெரியவே நேரம் பிடித்தது. தகவல் வராமல் போவதன் விலை என்ன என்பது இந்தத் தீவுக்குத் தெரியும்.

எனவே, ஒரு நல்ல ஆஃப்லைன் பக்கம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். 'இந்தத் தகவல் நேற்று மாலை 6 மணிக்குப் பெறப்பட்டது. இப்போது தொடர்பு இல்லை. புதிய எச்சரிக்கை வந்திருக்கலாம்' என்று திரையின் தலையிலேயே, பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட நேரம் கடந்துவிட்டால் பச்சை நிறத்தை எடுத்துவிட வேண்டும். மொத்தமே பத்து, பதினைந்து வரி கோடுதான். எந்தப் புதிய கருவியும் இதைத் தானாகச் செய்யாது. எழுதுகிறவருக்குத் தோன்ற வேண்டும்.

வெப்பா, ஆப்பா?

வெப் எவ்வளவு வளர்ந்தாலும் அதற்கு எட்டாத சில வேலைகள் உண்டு. கடல் எல்லை எச்சரிக்கை அதில் ஒன்று. திரை அணைந்து, போன் சட்டைப்பையில் கிடக்கும்போதும் படகின் இடத்தைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரவுசரில் இருக்கும் பக்கத்துக்கு அந்த அனுமதி இல்லை. தனியுரிமைக்காகப் போட்ட பூட்டு அது, சரியான பூட்டும்கூட. ஆகவே அந்த வேலைக்கு ஆப்தான் சரி. மாறாக, அன்றைய அலை உயரம், காற்றின் வேகம், சந்தை விலை போன்றவற்றுக்கு எடை குறைந்த வெப் பக்கமே போதும். லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலை முடிந்தது. 'குட் மார்னிங்' படங்களால் நிரம்பி வழியும் போனில் இன்னொரு ஆப்புக்கு இடம் தேட வேண்டாம்.

இரண்டாலும் முடியாத இடமும் உண்டு. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் கிடைப்பது சிரமம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததுதான் பெரிய துயரமானது. அதன் பிறகு 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற சிறிய கருவி அறிமுகமானது. ககன் செயற்கைக்கோள் அமைப்பு வழியாக வரும் எச்சரிக்கையை இந்தக் கருவி வாங்கி, புளூடூத் மூலம் போனுக்குக் கொடுக்கும். டவர் தேவையில்லை. எந்தத் தகவல் எந்த வழியில் போனால் சேரும் என்று தெரிந்துவைத்திருப்பதும் ஒரு புரோகிராமரின் வேலைதான்.

மீனுக்கு எத்தனை எழுத்து?

தமிழில் வெப்சைட் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு பாடம் காத்திருக்கிறது. 'மீன்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் இரண்டு என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் நான்கு என்கும். ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுவது யூனிகோடின் வழக்கம். சேமிப்பில் அது 12 பைட். அதே பொருளுள்ள ஆங்கிலச் சொல்லுக்கு நான்கு பைட் போதும்.

இதனால் நடைமுறையில் என்ன ஆகும்? '20 எழுத்துக்குள் பெயர் எழுதுக' என்று கட்டம் வைத்தால், தமிழ்ப் பெயர் பாதியிலேயே அறுபடும். எஸ்.எம்.எஸ்-ஸில் ஆங்கிலத்துக்கு 160 குறிகள் இடம் என்றால், தமிழுக்கு 70 மட்டுமே. எச்சரிக்கையை நீட்டி முழக்காமல், முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்ல வேண்டியது இதனாலும்தான்.

நல்ல செய்தி, இதற்கும் புதிய கருவி வந்துவிட்டது. 'இன்டெல் செக்மென்டர்' என்ற வசதி எழுத்துகளை மனிதர்கள் எண்ணுவது போலவே எண்ணும். 'மீன்' என்றால் இரண்டு என்று சரியாகச் சொல்லும். 2024-லிருந்து எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இருக்கிறது. கூடுதல் கோடு எதையும் இறக்கத் தேவையில்லை. புதிய வெப் வளர்ச்சியில் சத்தமில்லாமல் நடந்த நல்ல விஷயங்களில் ஒன்று இது.

ஏ.ஐ காட்டும் வழியில் வட துருவம்

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜி.பி.டி வந்தபிறகு கோடு எழுதும் வேலையே மாறிவிட்டது. 'எனக்கு இப்படி ஒரு வெப்சைட் வேண்டும்' என்று பேச்சுவழக்கில் சொன்னால், கோடு தயார். 2025 பிப்ரவரியில் ஏ.ஐ விஞ்ஞானி ஆண்ட்ரே கர்பாத்தி இந்த முறைக்கு 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி மாணவி, தன் ஊர் மீன் இறங்குதளத்துக்கு ஒரு தகவல் பக்கத்தை ஒரே மாலையில் செய்துவிட முடியும் என்பது சாதாரண விஷயமில்லை. இதை வரவேற்காமல் இருக்க முடியாது.

ஆனால், வந்த கோடு சரியா என்று பார்க்கக் கடலும் தெரிய வேண்டும், கணக்கும் தெரிய வேண்டும். இரண்டு உதாரணங்கள்.

ராமேஸ்வரத்தின் இருப்பிடம் ஏறத்தாழ 9.28 வடக்கு, 79.31 கிழக்கு. சில வரைபடக் கருவிகள் அட்சரேகையை முதலில் கேட்கும். சில, தீர்க்கரேகையை முதலில் கேட்கும். இரண்டையும் கலந்து கோடு எழுதும்போது மனிதர்களும் தடுமாறுகிறார்கள், ஏ.ஐ-யும் தடுமாறுகிறது. இடம் மாறினால் ராமேஸ்வரம், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய பனிக்கடலுக்குப் போய்விடும். இந்தத் தவறு பரவாயில்லை, பார்த்த உடனே தெரிந்துவிடும்.

பார்த்தாலும் தெரியாத தவறுதான் ஆபத்து. கடல் கணக்கில் இடத்தைப் பாகை, கலை என்று சொல்வார்கள். 9 பாகை 17 கலை என்பதை அப்படியே 9.17 என்று எழுதிவிட்டால்? ஒரு பாகைக்கு 60 கலை. எனவே சரியான எண் 9.283. வித்தியாசம் 6.8 கடல் மைல், அதாவது 12 கிலோமீட்டருக்கும் மேல். வரைபடத்தில் புள்ளி கடலில்தான் விழும். எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இருப்பதே சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தக் குறுகிய நீரில் 12 கிலோமீட்டர் பிழை என்ன செய்யும் என்று ஏ.ஐ-க்குத் தெரியாது. படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும்.

கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு...

வெப் டெவலப்மென்ட் படிக்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டிய காலம் முடிந்துவிட்டது. கடற்கரை மாவட்டங்களிலிருந்து தொடங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• அடிப்படையில் தொடங்குங்கள். ஹெச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ், பிறகு ஜாவாஸ்கிரிப்ட். ரியாக்ட் போன்றவை அதற்கு அப்புறம். கணியம் அறக்கட்டளை 'எளிய தமிழில்' என்ற வரிசையில் இலவச மின்னூல்களை வெளியிட்டிருக்கிறது. மொஸில்லாவின் எம்.டி.என் தளமும் இலவசம்தான்.

• வரைபடம் தேவையா? லீஃப்லெட் என்ற இலவசக் கருவியின் எடை சுமார் 42 கே.பி மட்டுமே. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்போடு சேர்த்துப் பயன்படுத்தலாம். உங்கள் ஊர் இறங்குதளம் அதில் இல்லையென்றால் நீங்களே சேர்க்கவும் முடியும்.

• க்ரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. 'ஆஃப்லைன்' என்பதையும் தேர்வு செய்து பாருங்கள். உங்கள் பக்கம் அப்போது என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம்.

• வீட்டில் இருப்பதிலேயே பழைய போனை எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில் நின்று திறந்து பாருங்கள். வெளிர் சாம்பல் எழுத்து அழகாக இருக்கும், வெயிலில் தெரியாது. ஈரக்கையால் தொட்டுப் பாருங்கள். சின்ன பட்டன்கள் எவ்வளவு எரிச்சல் என்று புரியும்.

• ஏ.ஐ எழுதித் தரும் கோடில் எண், அலகு, நேரம் ஆகிய மூன்றையும் கையால் கணக்குப் போட்டுச் சரிபாருங்கள். கடல் மைலா, கிலோமீட்டரா? ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

• முக்கியமாக, பயன்படுத்தப் போகிறவரிடம் காட்டுங்கள். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பவர்களிடம் 'தென்மேற்கு 225 பாகை' என்று காட்டினால், அவர்கள் முகம் போகும் போக்கிலேயே எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மரச்சட்டம், பெயின்ட், இன்ஜின் எல்லாம் இன்று யாருக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. கச்சான் எந்த மாதத்தில் திரும்பும், சிக்னல் எந்த இடத்தில் அறும் என்பதை மட்டும் எந்தக் கிடங்கிலிருந்தும் இறக்கிக்கொள்ள முடியாது. கோடிங் படிக்கும் கடற்கரைப் பிள்ளைகளிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.